காத்திருப்போர் பக்கம் விழுந்த என் தம்பி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டவன் நான். இன்று பஸ்ஸுக்கும் லாரிக்கும் பாடி கட்டும் பட்டறை எனக்கு இருக்கிறது. வெறும் எலும்புக்கூடாக உள்ளே வரும் வண்டி, என் கேட்டைத் தாண்டும்போது கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு போகும். என்னைக் கண்டால் பாங்க் மேனேஜர் எழுந்து நிற்பார். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஆனால் இது என் கதை இல்லை, என் தம்பியின் கதை.

தம்பி டவுன் பஸ் டிரைவர். டெப்போவில் அவனுக்கு வைத்த பெயர் நிதானம். "நிதானம் வண்டியில ஏறினா ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சு முகம் கழுவிட்டு இறங்கலாம்" என்று கண்டக்டர்கள் கிண்டல் செய்வார்கள். யாராவது முந்திக்கொண்டு போனால் இவன் திட்ட மாட்டான். "போ ராசா, உனக்கு என்ன அவசரமோ" என்று வழி விடுவான். பத்தாம் வகுப்புப் பரீட்சையை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கோட்டை விட்டவன். ரிசல்ட் வந்த நாளெல்லாம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வான். நான்தான் இழுத்து வந்து சோறு தின்ன வைப்பேன். கடைசியில் அவன் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்தவனும் நான்தான். அதில் அவன் ஃபெயில் ஆகவே இல்லை.

அப்படிப்பட்டவன் வண்டியில், ஸ்டாப்பை விட்டுக் கிளம்பிய பிறகு ஓடி வந்து படியில் தொற்றிய ஒருவர், கை நழுவிப் பின்சக்கரத்தில் விழுந்துவிட்டார். ஆள் அங்கேயே போய்விட்டார். டிரைவர் மேல் தப்பில்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தார்கள். தம்பி அந்தக் காகிதத்தைப் பிரிக்கவே இல்லை. திரும்ப டியூட்டிக்குப் போனவன் பஸ் படியில் ஒரு காலை வைத்தான். இன்னொரு காலைத் தரையிலிருந்து எடுக்க முடியவில்லை.

டயருக்குக் காற்றுப் பார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். வீட்டிலிருந்து டெப்போவுக்கு நடந்தே போவான். பக்கத்தில் ஹாரன் அடித்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வான். என் காரில் ஏறச் சொன்னால் கூட, "நீ போண்ணே, நான் பின்னாலயே வர்றேன்" என்பான். தம்பி மனைவி ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "தூங்கினாலும் கால் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்கு மாமா. கட்டில் அதிருது. நான் பாயைப் போட்டுக் கீழே படுத்துக்கறேன்."

அந்த நேரத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் டெப்போவுக்கு வந்தாள். மனநோய் சிகிச்சையில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கப் படிக்கிறவள். விபத்துக்குப் பிறகு வண்டி எடுக்க முடியாத டிரைவர்களைத் தேடி வந்திருந்தாள். முதலில் பேச வைப்பார்களாம். பிறகு நிற்கிற பஸ் பக்கத்தில் நிற்க வைப்பார்கள், அப்புறம் சீட்டில் உட்கார வைப்பார்கள், அப்புறம் எஞ்சினைப் போடுவார்கள். இப்படி ஒவ்வொரு படியாகப் பயத்தை இறக்கிவிடுவார்களாம். டெப்போக்காரர்கள் அவளுக்கும் பெயர் வைத்துவிட்டார்கள்: கேள்விக்காரி.

ஒரு விஷயம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. வந்த ஆட்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே சிகிச்சை. மறுபாதி காத்திருக்க வேண்டும். யார் எந்தப் பக்கம் என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். தம்பி காத்திருப்போர் பக்கம் விழுந்தான்.

நான் சும்மா இருப்பேனா? நேரே போய் அவள் முன்னால் நின்றேன்.

"பாப்பா, என் தம்பியை முன் வரிசைக்கு மாத்து. உனக்கு என்ன உதவி வேணுமோ கேளு. இந்த ஊர்ல நான் சொல்லி நடக்காதது இல்லை."

"நானே ஆளைப் பார்த்து மாத்தினா அது ஆராய்ச்சி இல்லைங்க ஐயா" என்றாள். "அவரை விட்டுட மாட்டோம். வாரா வாரம் போன் பண்ணி எப்படி இருக்கார்னு கேட்போம். காத்திருக்கற காலம் முடிஞ்சதும், இன்னும் கஷ்டம் இருந்தா அவருக்கும் அதே சிகிச்சைதான்."

என்னிடம் முடியாது என்று சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தப் பெண் சொன்னாள், நானும் திரும்பி வந்தேன்.

வாரம் ஒரு போன் வந்தது. தூக்கம் எப்படி, கெட்ட கனவு வருகிறதா, வண்டிச் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குகிறதா என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்பாள். இல்லவே இல்லை என்றால் பூஜ்யம், மிக அதிகம் என்றால் நான்கு. தம்பி மனைவிக்குச் சிரிப்பு தாங்காது. "என்கிட்ட பேசறதுன்னா வாய் வலிக்குது இவருக்கு. அந்தப் பொண்ணு போன் வந்தா மட்டும் சட்டை மாட்டித் தலை சீவிக்கிட்டு உக்கார்றார் மாமா. போன்ல தெரியவா போகுது?"

"படிக்கிற பொண்ணு, மரியாதை குடுக்கணும்" என்பான் தம்பி.

முதல் வாரங்களில் எல்லாவற்றுக்கும் நான்கு, நான்கு என்றுதான் சொன்னானாம். போகப் போக எண்கள் இறங்கின. ஒருநாள் நான் அங்கே இருந்தபோதே போன் வந்தது. "தூக்கமா? நல்லா தூங்கறேன்மா. பூஜ்யம் போட்டுக்கோ" என்று சொன்னான். தம்பி மனைவி சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

காத்திருக்கும் காலம் முடிந்தது. கேள்விக்காரி எனக்கே போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு குதூகலம். "உங்க தம்பி தானாவே தேறிட்டார் ஐயா. மார்க்கைப் பார்த்தா அவருக்கு இனி சிகிச்சை தேவையில்லை. அந்த இடத்தை இன்னொரு டிரைவருக்குக் கொடுத்துட்டோம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டறையில் அன்றுதான் ஒரு புது பஸ்ஸுக்குப் பெயின்ட் காய்ந்திருந்தது. தம்பியைக் கூட்டி வந்தேன். வெல்டர், பெயின்டர், டிங்கர் எல்லோரையும் சுற்றி நிற்க வைத்தேன். "ஏறுடா. இந்த சீட்டுல முதல்ல உக்கார்ற ஆள் நீயாத்தான் இருக்கணும்."

"வேண்டாம்ணே."

"அட, வெக்கத்தைப் பாரு!"

முதுகில் தட்டிப் படிக்கு முன்னால் நிறுத்தினேன். கைப்பிடியைப் பிடித்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அப்படியே மடங்கி முன்சக்கரத்தின் பக்கத்தில் வாந்தி எடுத்தான். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

தண்ணீர் கொடுத்து என் அறையில் உட்கார வைத்தேன். "டேய், பூஜ்யம் பூஜ்யம்னு சொன்னியேடா!"

டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான்.

"ஒரு வாட்டி, நாலுக்குப் பதிலா மூணுன்னு சொன்னேண்ணே. அந்த வாரம் நிஜமாவே கொஞ்சம் தேவலை. அந்தப் பொண்ணு உடனே, 'ரொம்ப சந்தோஷம்ங்க'ன்னு சொல்லிச்சு. குரலே மாறிப்போச்சு. அப்புறம் ஒரு நாள், படிப்பெல்லாம் எப்படிம்மான்னு கேட்டேன். இந்த ஆராய்ச்சி சரியா வரலைன்னா பட்டம் கிடைக்காதுங்கன்னு சொல்லிச்சு. எனக்கு நாலு நாலுன்னு எழுதிக்கிட்டே போனா அந்தப் பொண்ணு ஃபெயில் ஆயிடுமேண்ணே. ஃபெயில்னா என்னன்னு எனக்குத் தெரியும்ல?"

"உன் சிகிச்சை போச்சேடா!"

"முடிஞ்சப்புறம் எப்படியும் எனக்கும் உண்டுன்னு நெனச்சேன்."

மறுநாளே பல்கலைக்கழகத்துக்குப் போனேன். ஒரு மேஜையை மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்ளும் அறை. கேள்விக்காரியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"சந்தோஷம்னு சொன்னேனா? குரல்ல எதையும் காட்டாம கேளுன்னுதான் எங்க சார் சொல்லிக் கொடுத்தார்" என்றாள். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "காத்திருக்கறவங்க மோசமாவே இருந்து, சிகிச்சை எடுத்தவங்க தேறினாத்தான் என் ஆராய்ச்சி நிக்கும் ஐயா. காத்திருந்தே ஒருத்தர் பூஜ்யத்துக்கு வந்துட்டா, சிகிச்சை எதுக்குன்னு கேட்பாங்க. அவர் கொடுத்த மார்க் எனக்கு எதிராத்தான் போகும்."

"அப்ப அதை அடிச்சுட்டு மாத்தி எழுது."

"எழுதினதை மாத்தக் கூடாதுங்க. நடந்ததைச் சார்கிட்ட சொல்லிடறேன்."

சிகிச்சை கொடுக்க வந்தவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்களாம். அவளே சிகிச்சை கொடுக்க அனுமதி இல்லையாம். பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். கொடுக்கும்போது, "அவரைத் திட்டாதீங்க ஐயா" என்றாள். அவன் கொடுத்த மார்க் அவளுக்கு எதிராகப் போனதை நான் தம்பியிடம் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனோம். கார் வீட்டில் நின்றது. நடந்து பல வருஷமான என் முழங்கால் கத்தியது, ஆனாலும் விடவில்லை.

அங்கே எங்களைக் கூப்பிட்ட பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கழுத்தில் அட்டை தொங்கியது. கடிதத்தைப் படித்தாள், ஒரு தாளை எடுத்தாள், பேனாவைத் திறந்தாள். தம்பி அவளையே பார்த்தான்.

"படிக்கிற பொண்ணாம்மா நீ?"

"ஆமாங்க. இது எனக்குப் பயிற்சி. சரி, தூக்கம் எப்படி இருக்கு?"

அவன் தோள் நிமிர்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தலையைக் கையால் படிய வாரிக்கொண்டான்.

"நல்லா தூங்கறேன்மா."

"டேய்!" என்று மேஜையைத் தட்டினேன். "பொய்ம்மா! இவன் சொல்றது அத்தனையும் பொய்!"

"அவரே சொல்லட்டும்ங்க. நீங்க வெளியில உக்காருங்க."

என்னை வெளியே உட்காரச் சொன்ன ஆள் அதுவரை பிறக்கவில்லை. ஆத்திரத்தில் குதித்தேன். பெரிய டாக்டர் வந்தார். உள்ளே போய்க் கொஞ்ச நேரம் பேசினார். திரும்பி வந்து என் தோளில் கை வைத்தார். "உங்க தம்பி அமைதியா இருக்கார். கடிதத்துல இருக்கறதைக் கேட்டா, அதெல்லாம் அப்போ, இப்ப நல்லா இருக்கேன்னுதான் சொல்றார். இப்போதைக்கு எதுவும் தேவைப்படாது. நீங்கதான் பெரியவரே பி.பி. பார்த்துக்கணும்."

எத்தனையோ பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறேன், எத்தனையோ சண்டையைத் தீர்த்து வைத்திருக்கிறேன். கூடப் பிறந்தவன் வாயிலிருந்து "வலிக்குது" என்ற ஒரு வார்த்தையை வாங்க என்னால் முடியவில்லை. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும் பார்க்க அழுதேன். அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தான்.

திரும்பி நடந்தோம். ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். நான் சாலைப் பக்கமாக நகர்ந்து அவனை மறைத்து நின்றேன். பஸ் போன பிறகும் கொஞ்ச நேரம் அவன் கை என் சட்டையைப் பிடித்திருந்தது.

"பாஸ் ஆயிடும்லண்ணே?"

"யாரு?"

"அந்தப் பொண்ணுதான். ரெண்டு பொண்ணுங்களும்."

"ஆயிடுவாங்கடா" என்றேன்.

வீடு போய்ச் சேர இன்னும் நான்கு ஸ்டாப் தூரம் நடக்க வேண்டியிருந்தது.