முன்னால் நிற்கும் வண்டியின் மூன்று எழுத்து

"பி, ஆர், டி. சீக்கிரம் சொல்லுங்க, பச்சை விழப்போகுது" என்று அவசரப்படுத்துகிறார் டிரைவிங் டீச்சர் ஸ்டியரிங் அக்கா. பக்கத்தில் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருப்பவர் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர். அவர் சேர்ந்தது டிரைவிங் ஸ்கூலில்தான். பரீட்சை மட்டும் இங்கிலீஷில் நடக்கிறது. அந்த ஊர் நம்பர் பிளேட்டெல்லாம் மூன்று இங்கிலீஷ் எழுத்தில் தொடங்கும். முன்னால் நிற்கும் வண்டியின் மூன்று எழுத்தும் அதே வரிசையில் வருகிற இங்கிலீஷ் வார்த்தை ஒன்று வேண்டும். நடுவில் வேறு எழுத்துகள் நுழையலாம். வரிசை மட்டும் மாறக்கூடாது.

"பேர்ட் வரும், போர்ட் வரும், பிரெட்டும் வரும். பிளேட்டுல ரொட்டி இருக்கு, உங்க கண்ணுக்குத் தெரியலையா?" என்று தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரிப்பார். அதற்குள் பச்சை விழுந்து, பின்னால் இருப்பவர்கள் ஹாரனில் கையை வைத்திருப்பார்கள்.

ஆள் குள்ளம். கண்ணாடிக்கு வெளியே சாலை தெரிய வேண்டுமென்று சோபாத் தலையணை ஒன்றைப் போட்டு உட்கார்வார். கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி. குரல் மட்டும் லவுட் ஸ்பீக்கர். அவரைவிட வயதில் மூத்தவர்கள்கூட 'அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஏன் இந்த விளையாட்டு என்று கேட்டால் காரணம் தயாராக இருக்கும். "பயந்தவங்க மூச்சு விடவே மறந்துடுறாங்க. வாய்க்கு ஒரு வேலை கொடுத்தா மூச்சு தானா வரும்." பாதிதான் உண்மை. பக்கத்தில் யாரும் இல்லாதபோதும் அவர் உதடு அசைந்துகொண்டேதான் இருக்கும். துக்கம் விசாரிக்கப் போன வாசலில், நின்றிருந்த கார் ஒன்றைப் பார்த்து "கிச்சன்!" என்று கூவிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்ட கதையை அவர் கணவர் எல்லோரிடமும் சொல்வார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற மனிதர். "கல்யாணமான புதுசுல ரோட்டுல போனா என் முகத்தைப் பாப்பா. இப்ப அடுத்தவன் வண்டியோட முதுகைப் பாக்குறா" என்பது அவருடைய நிரந்தரக் குறை.

அக்காவையே மண்டை காயவைத்த பிளேட் ஒன்று உண்டு. எதிர்வீட்டுப் பல் டாக்டர் வாங்கிய புதுக் கார். டபிள்யூ, கே, டபிள்யூ. காலையில் கதவைத் திறந்தால் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். டூத் பிரஷ்ஷும் வாயுமாக நின்று யோசிப்பார். ஒரு நாள் கணவர் சட்டைப் பித்தானைப் போட்டபடி வந்து, "இது தெரியலையா? வாக்குவாதம்!" என்றார்.

"இங்கிலீஷ் வார்த்தை கேட்டா..."

"எழுத்து வருதா இல்லையா?"

அன்று நடந்தது அசல் வாக்குவாதம். டிபன் பாக்ஸை மறந்துவிட்டு இரண்டு பேரும் வேலைக்குப் போனார்கள்.

அந்த முடிச்சை அவிழ்த்தவர் ஒரு தையல்காரம்மா. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்து, கணவரின் வேனில் ஊரெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைத்த குடும்பம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு கணவர் வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தைத்த துணி வீட்டில் மலையாகக் குவிந்து கிடக்க, அந்தம்மா லைசென்ஸ் டெஸ்டில் இரண்டு தடவை தோற்றுவிட்டு அக்காவிடம் வந்தார். "எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராதுக்கா" என்று விளையாட்டிலிருந்து முதல் நாளே விலகிக்கொண்டார். வாயை இறுக மூடி, ஊசியில் நூல் கோக்கிற முகத்தோடு ஓட்டுவார்.

ஒரு நாள் ரவுண்டானாவின் நட்ட நடுவில் வண்டி ஆஃப் ஆகிவிட்டது. நாலா பக்கமும் ஹாரன். அந்தம்மாவுக்குக் கண் கலங்கியது.

"எல்லாரும் பாக்குறாங்கக்கா. ரொம்ப ஆக்வேர்டா இருக்கு."

"என்ன சொன்னீங்க?"

"ஆக்வேர்டா..."

அக்கா காற்றில் விரலால் எழுதிப் பார்த்தார். ஏ, டபிள்யூ, கே, டபிள்யூ... "ஐயோ, என் தாயே!" என்று போட்ட கூச்சலில் அந்தம்மா திடுக்கிட்டுச் சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பியது. அக்கா அதற்குள் கணவருக்கு போன் போட்டு, "ஆக்வேர்ட்! டபிள்யூவுக்கும் டபிள்யூவுக்கும் நடுவுல கே! இனிமே வாக்குவாதம்னு வாயைத் திறந்தீங்க..." என்று கத்த, அந்தம்மா வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துப் பார்த்தால் ரவுண்டானா எப்போதோ பின்னால் போயிருந்தது.

"நானாக்கா ஓட்டினேன்?"

"பின்ன, பல் டாக்டரா வந்து ஓட்டினாரு?"

அன்று தொடங்கி அந்தம்மாவும் ஆட்டத்தில் சேர்ந்துகொண்டார். ஹாஸ்பிட்டல், மார்க்கெட், பட்டன், காலர் என்று புழங்கிய வார்த்தைகளையே எடுத்து வீசுவார். தெரியாத எழுத்து வந்தால் அவரே வார்த்தை செய்துகொள்வார். அக்கா சண்டைக்கு வருவார்.

மூன்றாவது டெஸ்டில் அந்தம்மா தேறினார். அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு, "வீடு வரைக்கும் நானே ஓட்டட்டுமாக்கா?" என்றார்.

கற்றுக்கொடுப்பவர் பக்கமும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. எவ்வளவு நன்றாக ஓட்டுபவர் பக்கத்தில் இருந்தாலும் அக்காவின் வலது கால் அதன்மேல்தான் இருக்கும். அதனால் அவருடைய வலது செருப்பு எப்போதும் முதலில் தேயும்.

வண்டி பெரிய சாலையில் ஏறியது. முன்னால் ஒரு பஸ் வந்து சேர்ந்தது. "எழுத்து சொல்லுங்கக்கா" என்றார் அந்தம்மா, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல்.

அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினார். இரண்டு காலையும் தூக்கி, சீட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டினார்.