மோட்டார் புத்தகத்தின் எண்

சலவையக்கா பணி ஓய்வு பெறப் பத்து நாள் இருந்தபோது அவர் கணவர் என் டிடிபி கடைக்கு வந்தார். எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர், எனக்கு அண்ணன் மாதிரி. மோட்டார் ரிப்பேர் பற்றி அவர் எழுதிய புத்தகத்தையும் முன்பு நான்தான் வடிவமைத்துக் கொடுத்தேன். உட்காரச் சொன்னால், கையெல்லாம் வார்னிஷ், நாற்காலி பாழாகும் என்று நின்றுகொண்டேதான் பேசுவார்.

"உங்கக்கா புத்தகத்துக்கு எண்ணு வரட்டும்னு காத்திருக்க வேணாம் தம்பி. நம்ம மோட்டார் புத்தகத்து எண்ணையே போட்டுடு."

விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

முதலில் அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில் இருபத்தொன்பது வருடம் துணி துவைத்தவர். வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் விரிப்புகளைக் கறை பார்த்துப் பிரிப்பார். எந்தக் கட்டில் காலியாகிவிட்டது என்பதை விரிப்பை வைத்தே சொல்லிவிடுவார். நோயாளிகளின் சட்டைப் பையில் கிடைக்கும் பல் செட், பாதியில் நின்ற கடிதம், பள்ளிக்கூடத்து ரப்பர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறி உரியவரைத் தேடுவார். பாதி நாள் உரியவர் இருக்கமாட்டார். அந்தக் கதைகளைத்தான் துணிச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். 'வார்டுத் துணி' என்று நூற்றுப் பன்னிரண்டு பக்கம் வந்தது. தட்டச்சு செய்யும்போதே இரண்டு இடத்தில் எழுந்து வெளியே போய் நின்றேன். சும்மா புகழவில்லை, நான் அழுத்தக்காரன்.

டாக்டரிலிருந்து காவல்காரர் வரை எல்லோருக்கும் அவர் சலவையக்காதான். புத்தகம் வரப்போகிறது என்று சொன்னபோது ஒரு நர்ஸ், "நீங்களாக்கா? யாராச்சும் எழுதிக் குடுத்தாங்களா?" என்று கேட்டுவிட்டாள். கெட்ட எண்ணத்தில் இல்லை. ஆனாலும் அக்காவுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. "அட்டையில சலவையக்கான்னே பெருசா போடு தம்பி. நான் எழுதினதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா போதும், வேற ஒண்ணும் வேணாம் எனக்கு" என்றார். பிரிவுபசார நாளில் எல்லோரும் அவரவர் போனிலேயே புத்தகத்தைப் பார்க்கலாம் என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தார்.

ஆன்லைன் கடையில் விற்க ஐ.எஸ்.பி.என். என்கிற புத்தக அடையாள எண் வேண்டும். பதிமூன்று இலக்கம். அட்டை, முகப்புப் பக்கம், அடையாள அட்டை எல்லாம் இணைத்து விண்ணப்பித்தால், எண் கொடுக்கும் அலுவலகத்தார் மனசு வைக்கும்போது வரும். முகப்பில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர் என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். புனைபெயர் என்று விளக்கம் எழுதி மறுபடி அனுப்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. மூச்சே இல்லை. அப்போதுதான் அண்ணன் வந்து நிற்கிறார்.

"மோட்டார் எரிஞ்சா என்ன பண்றோம்? பழைய கம்பியை உருவிட்டுப் புதுசா காயில் கட்டறோம். மேல இருக்கற நம்பர் தகட்டை மாத்தறோமா? என் புத்தகம் தீர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு. எண்ணு சும்மாதானே கெடக்கு?"

"அது வேறண்ணே" என்றேன். ஒரு புத்தகத்துக்குக் கொடுத்த எண், அந்தப் புத்தகம் செத்தாலும் இன்னொன்றுக்கு ஆகாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அக்கா ஊரெல்லாம் சொல்லிவிட்டார், நாளும் இல்லை. பழைய ஃபைலைத் திறந்து, பார்கோடை நகலெடுத்து, அக்காவின் பின்னட்டையில் வைத்தது என் கைதான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அவர் அவசரப்பட்டார், சரி. எனக்கு என்ன கேடு வந்தது?

இருநூறு பிரதிகளும் அச்சகத்திலிருந்து நேரே ஆன்லைன் கடையின் கிடங்குக்குப் போயின. அண்ணன் அந்தக் கடையில் தன் மோட்டார் புத்தகத்துக்கு இருந்த பழைய பக்கத்தில் புது அட்டையை ஏற்றி, பெயரை மாற்றச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஒரே நாளில் மாறிவிடும் என்று நிம்மதியாக இருந்தார்.

பிரிவுபசாரம் அடித்தளத்திலேயே நடந்தது. இஸ்திரி மேசைகளை ஓரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். நானும் போயிருந்தேன். அக்கா எழுந்து, "இப்ப எல்லாரும் போனை எடுங்க" என்றார். புத்தகத்தின் பெயரைப் போட்டுத் தேடினார்கள், ஒன்றும் வரவில்லை. அண்ணன் பெருமையாக எழுந்து எண்ணைச் சொன்னார். முப்பது போனிலும் பக்கம் திறந்தது. பிரித்துப் போட்ட ஒரு மோட்டாரின் படம். 'பழுதான மோட்டாரை நீங்களே சரிசெய்யலாம்'. ஆசிரியர், அண்ணன்.

"துவைக்கிற மெஷினை ரிப்பேர் பண்ற புத்தகமாக்கா?" என்று யாரோ கேட்க, சிரிப்பு கிளம்பியது. அந்த நர்ஸ் போனிலிருந்து தலையை நிமிர்த்தி, "ஓ, சார் எழுதினதா!" என்றாள். அக்காவும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கக் கூடாது.

பிறகு நாங்கள் எழுதாத மனு இல்லை. ஒரே பதில்தான் வந்தது: இந்த எண் வேறொரு நூலுக்கு உரியது, தலைப்பையும் ஆசிரியரையும் மாற்ற இயலாது. பக்கத்தை மூடச் சொன்னோம். கிடங்கிலிருக்கும் சரக்கு திரும்பி வரும்வரை மூட முடியாது என்றார்கள். அதற்குள், கிடங்கு எண்ணைப் பார்த்தே அனுப்பியதில், மோட்டார் படிக்க வாங்கியவர்கள் கையில் வார்டுத் துணி போய்ச் சேர்ந்தது. 'கேபாசிட்டர் பற்றி ஒரு வரி இல்லை, அழுக்குத் துணிக் கதை' என்று ஒற்றை நட்சத்திரமாகக் கொட்டினார்கள். அண்ணன் கடைக்கு வருவதையே குறைத்துக்கொண்டார். வந்தாலும் என் முகத்தைப் பார்க்கமாட்டார், நானும் பார்க்கமாட்டேன்.

மூன்றாம் மாதம் அக்காவின் புத்தகத்துக்கென்றே எண் வந்தது. கிடங்கும் மிச்சப் பிரதிகளைத் திருப்பி அனுப்பியது. புது எண்ணை ஸ்டிக்கராக அடித்து எடுத்துக்கொண்டு போனேன். அவர்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து, பழைய எண்ணின் மேல் ஒட்ட ஆரம்பித்தோம். அக்கா ரொம்ப நாளைக்குப் பிறகு முகம் தெளிந்திருந்தார். கோணல் இல்லாமல் ஒட்டு என்று என்னை அதட்டக்கூடச் செய்தார்.

அண்ணன் போனில் சத்தம் வந்தது, பழைய பக்கத்தில் புது விமர்சனம். இன்னொரு திட்டாக இருக்கும் என்று என்னிடம் நீட்டினார். நான் முழுதாகப் பார்க்காமலே உரக்கப் படித்துத் தொலைத்தேன்.

'ஐயா, மோட்டார் புத்தகம் என்று நினைத்துத்தான் வாங்கினேன். திருப்பி அனுப்பும் முன் இரண்டு பக்கம் படித்தேன். அதற்குப் பிறகு அனுப்ப மனம் வரவில்லை. என் அம்மா இப்படி ஒரு வார்டில்தான் போனாள். சலவையக்கா என்று பெயர் வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணாகவே மாறி எழுதியிருக்கிறீர்கள். ஓர் ஆணால் இது எப்படி முடிந்தது? உங்களை வணங்குகிறேன்.'

ஐந்து நட்சத்திரம்.

அக்காவின் விரலில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தது. கணவரைப் பார்த்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்களாம்."

"ஐயோ, நீ ஏன்... நான் இப்பவே பதில் போடறேன், எழுதினது நீதான்னு..."

"போடாதீங்க. நம்பவா போறாங்க?"

ஸ்டிக்கரைப் பிய்த்துத் தாளிலேயே திரும்ப ஒட்டிவிட்டு எழுந்து உள்ளே போனார். மீதியை நாங்கள் இருவரும் ஒட்டி முடித்தோம். புதுப் பக்கம் அக்காவின் பெயரில் திறந்து எட்டு மாதம் ஆகிறது, இதுவரை யாரும் வாங்கவில்லை. அவரும் அதற்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை.