எஸ்தர் மேடத்துக்குக் கிடைக்காத தீர்ப்பு

உத்திரமேரூரிலிருந்து எஸ்தர் மேடத்தின் தம்பி டேவிட் போன் செய்தபோது நான் அலுவலகக் கேன்டீனில் இருந்தேன். "அக்கா பூட்ச்சு சார். நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிக்கினு இருந்துச்சு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு" என்றார். சற்று நேரத்தில் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் எங்கள் இயக்குநரின் இரங்கல் வந்தது. 'ஈடுசெய்ய முடியாத இழப்பு.' கூடவே கூப்பிய கைகள். மேடத்தின் பணியிடை நீக்க உத்தரவில் கையெழுத்துப் போட்டவரும் இவரேதான். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன்.

அவருடன் வேலை பார்த்த உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த இரங்கலைப் படித்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

உத்திரமேரூருக்குப் பக்கத்துக் காலனியில், அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட பெற்றோருக்குப் பிறந்தவர். கம்ப்யூட்டர் படித்து, ஒவ்வொரு அரசு நிறுவனமாக மேலேறி, எங்கள் நிறுவனத்துக்குத் தகவல் பாதுகாப்புத் தலைவராக வந்தார். முதியோர் பென்ஷன் வாங்குவோரின் வங்கிக் கணக்கு விவரமெல்லாம் எங்கள் கணினிகளில்தான் இருந்தது. "எங்க தெருவுல பாதிப் பேரு இதுல கீறாங்க. இத எவனாவது தூக்கினு போனா நான் எந்த மூஞ்சோட ஊருக்குப் போவேன்?" என்பார். கோபம் வந்தால் அவருக்கு ஊர்ப்பேச்சு வந்துவிடும்.

கணினிக்குள் நுழையவும் கோப்புகளில் கையெழுத்திடவும் அதிகாரிகளுக்கு ஆளுக்கொரு டிஜிட்டல் டோக்கன் உண்டு. பார்க்கப் பென்டிரைவ் மாதிரி இருக்கும். அவரவர் தம்மிடமே வைத்திருக்க வேண்டியது. ஒரு வருடம் அலுவலக ஆயுத பூஜையில், கம்ப்யூட்டர்களுக்குப் பொட்டு வைத்த உதவியாளர்கள் பக்தி முற்றிப்போய், அந்த டோக்கன்களையும் ஒரு தாம்பாளத்தில் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்கள். இயக்குநருடையதும் அதில் இருந்தது, பின் நம்பர் எழுதி ஒட்டிய ஸ்டிக்கரோடு! மேடம் சிரித்தார். கற்பூரம் காட்டி முடிக்கும்வரை காத்திருந்து, பொரியை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, தாம்பாளத்தோடு இயக்குநர் அறைக்குப் போனார். பின்னாலேயே நானும் போனேன்.

"நான் மீட்டிங் மீட்டிங்கா அலையறேன். ஃபைல் நகர வேண்டாமாம்மா?" என்றார் இயக்குநர்.

"வூட்டு சாவிய எதிர்வூட்டுல குடுத்துட்டு, பூட்டு நல்ல பூட்டான்னு என்ன கேக்கறீங்களே சார்!" என்றார் மேடம்.

மாலைக்குள் டோக்கன்கள் மறுபடி உதவியாளர்களிடமே போய்விட்டன. கிறிஸ்தவப் பெண் பூஜையைக் கெடுத்துவிட்டாள் என்ற பேச்சுதான் மிஞ்சியது. காலனித் திமிர் என்றும் சிலர் சொன்னார்கள். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

பொங்கலுக்குள் அவர் பயந்தது நடந்தது. இயக்குநரின் டோக்கனைப் போட்டு யாரோ பென்ஷன்காரர்களின் விவரங்களை எடுத்து வெளியே விற்றுவிட்டார்கள். விசாரணை வந்தது. குற்றச்சாட்டு மட்டும் மேடத்தின் மேல் விழுந்தது: மேற்பார்வையில் தவறினாராம். தாம்பாளம் யாருக்குமே ஞாபகம் இல்லை. நான் போய்ச் சாட்சி சொன்னேன்; கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

வருத்தம் தெரிவித்து ஒரு வரி எழுதிக் கொடுத்தால் முடித்துவிடலாம் என்று உங்களில் பலர் அவரிடம் சொன்னீர்கள். "பண்ணாத தப்புக்கு இன்னாத்துக்கு வருத்தப்படணும்? நான் தப்பு பண்ணலன்னு அவங்க எழுதட்டும். எனக்கு அது போதும்" என்றார். அதற்காகவே வீட்டில் உட்கார்ந்து காத்திருந்தார். காத்திருந்தே போய்ச் சேர்ந்தார்.

காரியம் முடிந்த பிறகு வீட்டுக்கு ஓர் உத்தரவு வந்தது. துக்கம் விசாரிக்கப் போயிருந்த என்னிடம் டேவிட் அதைப் படிக்கச் சொன்னார்.

"அக்கா தப்பு பண்ணலன்னு போட்டுக்கீதா சார்?"

"இல்லை."

"தப்பு பண்ணுச்சுன்னு?"

"அதுவும் இல்லை."

"பின்ன இன்னாதான் சார் போட்டுக்கீது?"

"இறந்துட்டாங்களாம். அதனால நடவடிக்கையைக் கைவிடுறாங்களாம்."

டேவிட் உத்தரவை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இரங்கல் கூட்டத்தில் மேடத்தின் புன்னகை, பொறுமை என்றெல்லாம் பேசுவார்கள். பேசிக்கொள்ளட்டும். நான் வைத்துக்கொள்வது அவருடைய கோபத்தை. எஸ்தர் மேடம் தவறு செய்யவில்லை. எழுத வேண்டியவர்கள் கடைசிவரை எழுதாத இந்த ஒரு வரியை, அவர் படிக்க முடியாத நாளில் நான் எழுதுகிறேன்.