நாலு கைக் கூலிக்காரன்

தட்டிப் பார்க்காமல் சுவிசேஷமுத்து எந்தக் குப்பையையும் வாங்குவதில்லை. சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் குந்திக்கொண்டு, துருப்பிடித்த சைக்கிள் மட்கார்டைக் காதோரம் பிடித்து, தேங்காய் பார்ப்பது போல விரல் முட்டியால் ஒரு தட்டு. "ம்ஹூம், இதுல உயிர் இல்ல." நாதம் சரியாக இருந்தால்தான் அது பைக்குள் போகும்.

பகலில் கப்பல் பட்டறையில் பற்றவைப்பு வேலை. மாலையில் சிராங்கூன் ரோட்டுப் பின்சந்தில் சிற்பி. அவருடைய மகத்தான படைப்பு, ஆளுயரக் கூலிக்காரன் ஒருவன்: மின்விசிறி இறக்கைகளில் மார்பு, சைக்கிள் சங்கிலியில் நரம்பு, கவிழ்த்த அலுமினியச் சட்டியில் தலை. கை மட்டும் நாலு. "ஹார்பர்ல மூட்டை தூக்குறவனுக்கு ரெண்டு கை எப்படிப்பா காணும்?" என்பது சிற்பியின் சித்தாந்தம்.

சந்து இந்தச் சித்தாந்தத்தை ஏற்கவில்லை. பக்கத்து வீட்டுப் பூக்காரி ரத்தினம்மா காலைதோறும் ஒரு முழம் மல்லிகை சாத்துவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை தவறாத சுவிசேஷமுத்து காலைதோறும் அதைக் கழற்றித் திருப்பிக் கொடுப்பார்.

"இது சாமி இல்லம்மா, கலை!"

"நாலு கை இருந்தா சாமிதான் லா, அண்ணே."

அறுபத்தெட்டில் ஊரைச் சுத்தமாக்கும் இயக்கம் லாரியேறி அந்தச் சந்துக்குள்ளும் வந்தது. தகரங்கள் ஏறின. சக்கரங்கள் ஏறின. கொண்டை மட்டும் வைக்கப் பாக்கியிருந்த இரும்புச் சேவலும் ஏறியது. கடைசியாகக் கூலிக்காரனின் இடுப்பில் கயிறு விழுந்தது.

"சார், சார், அது கலை!"

மேற்பார்வையாளர் பரமசிவம் அலுத்துக்கொண்டார். "முன்வீட்டுக்காரரும் அதான் சொன்னாரு, ஓட்டை சோபாவுக்கு."

கயிறு இறுகியது. சட்டித்தலை ஆடிக் கிறீச்சிட்டது.

ரத்தினம்மா கூடையோடு ஓடிவந்தார். கூலிக்காரன் கழுத்தில் ஒரு மாலை, சட்டி நெற்றியில் ஒரு பிடி குங்குமம். "சாமி இடுப்புல கயிறு போடுறீங்களே, வெளங்குவீங்களா?"

இழுத்தவர்களின் கை தளர்ந்தது. பரமசிவம் நாலு கைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, சுவிசேஷமுத்துவிடம் குரலைத் தாழ்த்தினார். "செஞ்சவரு நீங்க. நீங்களே சொல்லுங்க. சாமின்னா தொடமாட்டேன். இல்லன்னா ஏத்திருவேன்."

சுவிசேஷமுத்துவின் கை சட்டைக்குள் கிடந்த சிலுவையைத் தேடிப் பிடித்தது. பத்துக் கட்டளைகளில் முதலாவதே இந்த ‘வேறு சாமி கூடாது’ விவகாரம்தான். லாரி உறுமியது. ரத்தினம்மா முறைத்தார்.

சுவிசேஷமுத்து யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒரு காலால் மறுகாலின் செருப்பை மெல்ல நெம்பிக் கழற்றினார். பிறகு மற்றதையும் கழற்றி, இரண்டையும் சுவரோரமாகத் தள்ளிவைத்தார்.