வசந்தகுமாரி மேடம் கொடுத்த உறை

போன செவ்வாய்க்கிழமை காலை, ஹெப்பகோடியில் எங்கள் தொழிற்சாலை கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, வசந்தகுமாரி மேடம் காலமாகிவிட்டார் என்று வாட்ஸப்பில் செய்தி வந்தது. அனுப்பியவர் எங்கள் சூப்பர்வைசர் சம்பத். நான் நம்பவில்லை. எதையும் முதல் தடவையிலேயே நம்புகிற வழக்கம் எனக்கு இல்லை. படம் பழைய படம். எந்த மருத்துவமனை, எத்தனை மணிக்கு என்று ஒரு வரி கிடையாது. அவருடைய எண்ணுக்கே போன் போட்டுப் பார்த்தேன். ஓர் ஆண் குரல் எடுத்தது.

"நான் அவங்க வீட்டுக்காரர் தயாளன். ஆமா சார், காலைல அஞ்சு மணிக்கு. நீங்க ஹெப்பகோடி மேனேஜர் சார்தானே? பேரு வருது போன்ல."

வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வருத்தத்துக்கு முன்னால் வேறொரு நினைப்பு வந்தது. என்னைப் பற்றி இந்த மனிதரிடம் மேடம் என்னென்ன சொல்லி வைத்திருக்கிறாரோ? ஒரு சாவுச் செய்தி கேட்டவுடன் இப்படித்தான் என் புத்தி போயிற்று. வெட்கமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காக முதலில் அவருடைய தொழிலைச் சொல்ல வேண்டும். ஓர் உலோகப் பாகத்தை எந்தக் கருவி எந்த வழியாகக் கடைய வேண்டும் என்று கணினியில் ஒரு மென்பொருள் கணக்குப் போடும். அந்தக் கணக்கு இயந்திரத்துக்கு நேராகப் புரியாது. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் அதற்குரிய வரிகளாக மாற்றித்தர நடுவில் ஒரு நிரல் வேண்டும். போஸ்ட் ப்ராசசர் என்று பெயர். எங்கள் வாயில் வெறும் 'போஸ்ட்'. பெங்களூரில் அதை எழுதத் தெரிந்த சிலரில் மேடம் ஒருவர். மர்பி டவுனில் பிறந்து, டிப்ளமோ படித்து, கடைசிவரை அங்கேயே வாழ்ந்தவர்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் நாங்கள் கணினியால் இயங்கும் புது கடைசல் இயந்திரம் ஒன்று, சிஎன்சி லேத், வாங்கினோம். சாதாரண லேத்தில் பாகத்தைப் பிடித்திருக்கும் சக் சுற்றிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். இந்த லேத்தில் அது கடிகார முள்ளைப் போலச் சொன்ன கோணத்துக்குப் போய் நிற்கவும் வேண்டும், மெதுவாகத் திரும்பிக்கொண்டே பள்ளம் வெட்டவும் இடம் தர வேண்டும். வம்பே அந்தத் திரும்புதலில்தான். ஒன்றிலிருந்து ஒன்பதுக்குப் போக முள்ளுக்கு இரண்டு வழி உண்டு. எங்கள் பாகத்தில் ஆறு வழியாகச் சுற்றிப் போனால் நல்ல பள்ளம் கிடைக்கும். பன்னிரண்டு வழியாகக் குறுக்கே போனால், அங்கே துருத்திக்கொண்டிருக்கும் உலோகத்தில் கருவி மோதி உடையும். இந்த லேத்துக்குப் போஸ்ட் எழுதத்தான் மேடம் முதல்முறை எங்களிடம் வந்தார்.

வந்த நாளிலிருந்து நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவரைப் பார்த்தேன். லேப்டாப்பை எப்போதும் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்வார். எதை மறைக்கிறார் என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டு, மூன்றாம் நாள் கேட்டே விட்டேன். "ஜன்னல் வெளிச்சம் கண்ணுல அடிக்குது சார்" என்றார். நான் போய் ஜன்னலைச் சாத்தினேன். அதற்குப் பிறகும் அவர் லேப்டாப்பைத் திருப்பவில்லை. என் சந்தேகம் கூடிற்று.

அப்போது சம்பத் அந்த லேத்தின் ஆபரேட்டர். நாற்பதைத் தொட்டவர், பத்து வருடமாகக் காண்ட்ராக்டில் இருந்தவர். அவரும் மர்பி டவுன்தான். இருவரும் லேத் பக்கத்தில் நின்று தெருக்கதை பேசுவதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. ஏதோ கூட்டுச்சதி என்றே தோன்றும். மேடம் சக்கின் மேல் மார்க்கரால் ஒரு கோடு போடுவார். பிறகு சம்பத்திடம், "எந்தப் பக்கம் திரும்பும்? வாய்விட்டுச் சொல்லிட்டு பட்டன அமுக்குங்க" என்பார். சம்பத் கையைக் காட்டிச் சொன்ன பிறகுதான் இயந்திரம் நகரலாம். போஸ்ட் தந்த ஒவ்வொரு நிரலுக்கும் இந்தச் சடங்கு நடந்தது. பில்லைக் கூட்டத்தான் இப்படி நேரத்தைக் கடத்துகிறார் என்று அதற்கும் நான் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

கடைசி நாள் லேத்தின் அமைப்புகளில் ஒன்றை அவர் மாற்றினார். குறுக்குவழி எதுவென்று லேத்தே முடிவு செய்யக்கூடாது. போஸ்ட் சொல்கிற பக்கமாகவே திரும்ப வேண்டும் என்பதற்கான மாற்றம் அது. பிறகு ஓர் உறையில் மெமரி கார்டு ஒன்றைப் போட்டு ஒட்டி, கையெழுத்திட்டு என்னிடம் கொடுத்தார். "மெஷினோட செட்டிங் பூரா இதுல இருக்கு சார். எப்பவாச்சும் அழிஞ்சுதுன்னா இத லோட் பண்ணுங்க. பழைய கார்ட தூக்கிப் போட்டுடுங்க."

நான் தூக்கிப் போடவில்லை. வெளியாள் கொடுத்த கார்டை என் இயந்திரத்தில் செருகுவதா? உறையை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். அவர் வருவதற்கு முன்பு நானே எடுத்து வைத்த பழைய கார்டுதான் எனக்கு நம்பிக்கை.

அடுத்த யுகாதிக்குத் தொழிற்சாலை நான்கு நாள் மூடியிருந்தது. மின்சாரம் இல்லாதபோது லேத்தின் நினைவைக் காப்பாற்றுவது உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி. அது அந்த விடுமுறையில் செத்துப்போய், அமைப்புகள் எல்லாம் அழிந்துவிட்டன. திரும்பி வந்ததும் நான் யாரையும் கூப்பிடாமல் பேட்டரியை மாற்றி, என்னுடைய பழைய கார்டிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றினேன். லேத் ஓடிற்று. மூன்று நாள் சாதாரண கடைசல் வேலைதான், ஒரு குறையும் தெரியவில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

நான்காம் நாள் சம்பத் பள்ளம் வெட்டும் வேலையைப் போட்டார். சக் குறுக்குவழியில் திரும்பிற்று. கருவி உடைந்தது, அதைப் பிடித்திருந்த ஹோல்டரும் உடைந்தது. நல்லவேளை, கதவு மூடியிருந்ததால் யாருக்கும் அடிபடவில்லை. நிரலில் சம்பத் கைவைத்திருக்கிறார் என்று நான் அன்றைக்கே நோட்டீஸ் எழுதினேன். அந்த மாதம்தான் அவரை நிரந்தரமாக்குவதாக இருந்தது. அந்த நோட்டீஸ் நிலைத்தால் வேலையே போய்விடும். அது தெரிந்தேதான் எழுதினேன்.

மேடத்தை வரச்சொன்னேன். வந்ததும் அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. சக்கில் கோடு போட்டார். பாகம் எதுவும் பிடிக்காமல் வெறும் சக்கை ஓட்டச் சொன்னார். "எந்தப் பக்கம் சம்பத்?" என்றார். சம்பத் சரியான பக்கம் கையைக் காட்டினார். கோடு எதிர்ப்பக்கமாகப் போயிற்று. மேடம் திரையில் அமைப்புகளின் பக்கத்தைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தனியாக என் அறைக்கு வந்தார்.

"பழைய கார்டு லோட் ஆயிருக்கு சார். நான் குடுத்த கவர் எங்க?"

இழுப்பறையைத் திறந்தேன். உறை ஒட்டியபடியே இருந்தது. அவர் அதைத் திருப்பிப் பார்த்தார், கோபப்படவில்லை.

"என்னை நம்பலன்னா அன்னிக்கே கேட்டிருக்கலாம். ஒண்ணொண்ணா காட்டியிருப்பேன். இப்ப சம்பத் மேல எழுதினத வாபஸ் வாங்குங்க."

நோட்டீஸைத் திரும்ப வாங்கினால் நிர்வாகம் காரணம் கேட்கும். என் பெயரை எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. 'போஸ்டில் இருந்த பிழை சரிசெய்யப்பட்டது' என்று ஓர் அறிக்கை தட்டி அவர் முன்னால் நீட்டினேன். படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இது என் தப்பு இல்லையே சார்."

"சும்னே ஒரு பேப்பர்தான் மேடம். சம்பத்துக்காக."

"கையெழுத்து போட்டா நோட்டீஸ் இன்னிக்கே ரத்தாயிடுமா?"

"ஆயிடும்."

கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டு, "சம்பத்துகிட்டயாச்சும் நீங்களே சொல்லிடுங்க" என்றார். நான் தலையாட்டினேன். சொல்லவில்லை.

வெறும் காகிதம் அல்ல அது. அடுத்த இரண்டு லேத் வாங்கியபோது எங்கள் நிர்வாகம் அவரைக் கூப்பிடவில்லை. பேச்சு மற்ற தொழிற்சாலைகளுக்கும் பரவிற்று. "அந்த மாதிரி லேத்துன்னா அந்தம்மா வேணாம்ப்பா" என்று ஒருவர் என் எதிரிலேயே சொன்னார். நான் டீயை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வருடா வருடம் யுகாதிக்கு ஒரு வாரம் முன்னால் மேடத்திடமிருந்து போன் வரும். "லீவுக்கு முன்னாடி பேட்டரிய மாத்திடுங்க சார்." அவ்வளவுதான், வைத்துவிடுவார். எனக்கு அன்று முழுதும் சோறு இறங்காது. என்னைக் குத்திக்காட்டுகிறார் என்று நினைப்பேன். என்ன கேட்கப்போகிறாரோ, யாரிடம் சொல்லப்போகிறாரோ என்று காத்திருப்பேன். அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்காததையும் சந்தேகப்பட்டேன். வஞ்சகம் இல்லாத ஒருவர் இத்தனை வருடம் சும்மா இருப்பாரா என்பது என் வாதம்.

செவ்வாய் மதியம் மெட்ரோ மாறி மாறி அல்சூர் போய் இறங்கி, மர்பி டவுனுக்கு நடந்தேன். வாசலில் ஷாமியானா. கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் மேடம், தலைமாட்டில் புத்தர் படம். மாலையை வைத்துவிட்டு நின்றேன். தயாளன் என்னை உட்காரவைத்து, மேடத்தின் நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார்.

"போன மாசம் ஆஸ்பத்திரி பெட்ல இருந்துகூட எல்லாருக்கும் போன் பண்ணிட்டா சார், பேட்டரி பேட்டரின்னு. நான் திட்டினேன், கேக்கல."

மேடம் வேலை செய்த அத்தனை தொழிற்சாலைகளும் அதில் இருந்தன. எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே மாதிரி டிக் அடித்திருந்தது. என் பெயருக்குப் பக்கத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டும் தேடினேன். ஒன்றும் இல்லை. எல்லாரையும் போல நானும் ஒருவன். அத்தனை வருடம் நான் பயந்து நடுங்கிய போன், முப்பது பேருக்குப் போன அதே போன்.

வெளியே வந்தபோது சம்பத் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

"பாவம் சார் மேடம். அன்னிக்கு அவங்க போஸ்ட் தப்பானதுல என் வேலையே போயிருக்கும். நான் மனசுல வெச்சுக்கல. இப்ப உள்ள நின்னு அதத்தான் சொல்லிட்டு வரேன். பரவால்ல மேடம், நான் அத மறந்துட்டேன்னு."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அது மேடம் தப்பில்ல சம்பத். பழைய கார்டப் போட்டது நான். உங்க நோட்டீஸ் ரத்தாகணும்னுதான் அவங்க கையெழுத்து போட்டாங்க."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சம்பத் மாட்டிய செருப்பைத் திரும்பக் கழற்றிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். பெட்டியின் கால்மாட்டில் அவர் மண்டியிடுவது வாசலிலிருந்து தெரிந்தது. என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

மேடம், உங்கள் போஸ்டில் பிழை இல்லை. இந்த ஒரு வரியை நீங்கள் படிக்கும்படி நான் எழுதியிருக்க வேண்டும். போய் வாருங்கள்.