அம்மாவின் வலக்கை

வலக்கையை நீட்டி அம்மா ஒருவருக்குத் தேநீர் கொடுத்த அந்தக் கணத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. கொடுத்தது சாதாரணத் தேநீர்தான். ஆனால் அந்தக் கையால் எதையும் பிடிக்க முடியாது என்றுதான் நாங்கள் வழக்கே போட்டிருந்தோம்.

எழுபதுகளில் நடந்தது. தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களை ஏற்றிப்போன தோட்டத்து லோரி, பிரிஞ்சாங் மலையூருக்குக் கீழே ஒரு வளைவில் சரிந்துவிட்டது. பக்கப் பலகைக்கு அடியில் அம்மாவின் வலக்கை அகப்பட்டுக்கொண்டது. எலும்பு சேர்ந்தது, விரல்களுக்குப் பலம் திரும்பவில்லை. கொழுந்து பறிக்க விரல்தானே எல்லாம்? லோரியின் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கப்போகும் நஷ்டஈடுதான் இனி ஆயுளுக்கும் அம்மாவின் சம்பளம் என்று ஈப்போ நகரத்து வக்கீல் சொல்லிவிட்டார். கையைப் பார்க்கக் கம்பெனி ஆள் வருவார் என்று தெரிந்ததிலிருந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. எந்நேரமும் ஒரே பாட்டுத்தான்.

"கைய மடியிலயே வச்சுக்க லா. என்னா கேட்டாலும் தூக்காத. தூக்குன, எல்லாம் போச்சு!"

"சரிங்க, சரிங்க. நான் என்னா சின்னப் புள்ளையா?" என்பார் அம்மா.

கம்பெனி ஆள் வந்த அன்று நல்ல மழை. தமிழர்தான். நனைந்த சட்டையோடு, உடம்பு வெடவெடக்க, எங்கள் லயத்து வரிசை வீட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அப்பாடா, நம்ம ஆள் என்று எனக்கு ஓர் அற்ப நிம்மதி. கேட்டதற்கெல்லாம் அப்பாவே பதில் சொன்னார். அம்மா மடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் அவர் தும்மினார். அவ்வளவுதான், அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். இடக்கையில் கொண்டுவந்த கோப்பையை, அவர் முன்னால் வந்ததும் வலக்கைக்கு மாற்றி நீட்டினார். கோப்பை ஆடியது, சூடான தேநீர் விரல்களில் வழிந்தது. அம்மா விடவில்லை. "நன்றிம்மா" என்று வாங்கிக் குடித்துவிட்டு அவர் கிளம்பினார்.

"அறிவிருக்கா ஒனக்கு? படிச்சுப் படிச்சு சொன்னேனே!" அப்பாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"வீட்டுக்கு வந்த மனுசனுக்கு எடக்கையாலயா குடுப்பாங்க?"

"மேசையில வச்சிருக்கலாம்ல?"

"நாய்க்கு வைக்கிற மாதிரியா?"

கை பொருளைப் பிடிக்கிறது என்று அந்த மனிதர் எழுதிக்கொடுத்தார். வக்கீல் எவ்வளவோ வாதாடியும் தொகை சுருங்கிப்போயிற்று. அந்தக் கம்பெனி ஆள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. அம்மா இடக்கையால் நீட்டியிருந்தால் முதலில் முகம் சுளித்திருப்பவர் அவர்தான்.

எண்பதுகளில் எனக்கு வேலை கிடைத்தது எங்கே என்கிறீர்கள்? கோலாலம்பூரில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் நீதிமன்றங்கள் ஒரு கைக்கு, காலுக்கு, கண்ணுக்கு என்ன கொடுக்கின்றன, நம் நாட்டில் என்ன கொடுக்கிறார்கள் என்று ஒப்பிட்டு மேலாளர்களுக்கு எழுதித் தர வேண்டும். அங்கே தொகை ஏறினால் இங்கேயும் ஏறிவிடுமோ என்று அவர்களுக்குப் பதைப்பு. என் பதைப்பு வேறு. வலக்கை என்று வரும் ஒவ்வொரு வழக்கிலும், அடிபட்டவர் யாருக்காவது எதையாவது எடுத்துக் கொடுத்துத் தொலைத்தாரா என்று தேடுவேன்.

ஒரு தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இங்கிலாந்தில் ஒரு தொழிற்சாலைப் பெண்ணுக்கும் இதே மாதிரிக் கைதான், ஆனால் அவளுக்குக் கிடைத்த பணத்தில் டவுனில் ஒரு வீடே வாங்கலாம் என்றேன். சொன்ன பிறகுதான், அழுதுவிடுவாரோ என்று பயம் வந்தது. வெளியே மழை பிடித்திருந்தது. அம்மா விரல்களை நீவிவிட்டுக்கொண்டே கேட்டார்:

"அவளுக்கும் குளுருக்கு இப்படித்தான் குடையுதாமா?"

"தெரியலம்மா. அதெல்லாம் எழுத மாட்டாங்க."

"பாவம்," என்றார் அம்மா. "அது இதவிட குளுரு ஊராச்சே."