இரண்டாவது மிதி

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் எங்கள் தெருவில் வசிக்கும் ஹாரிஸ் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஒரு சனிக்கிழமை காலை அவர் என்னை நிறுத்தி, "நீங்கள் மிகவும் மரியாதை தெரிந்தவர்" என்றார். ஏன் என்று புரியாமல் விழித்தேன். நான் காரை நிறுத்தும்போதெல்லாம் பின்னாலுள்ள சிவப்பு விளக்குகள் இரண்டு தடவை எரிந்து அணைகின்றனவாம். பின்னால் வருகிறவருக்கு நான் வணக்கம் சொல்வதாக நினைத்து, மூன்று மாதமாக அவரும் தம் காரிலிருந்து கையை உயர்த்திப் பதில் வணக்கம் சொல்லி வந்தாராம். நானும் கையை உயர்த்திவிட்டு வீட்டுக்கு வந்து டயரியில் எழுதினேன்: 'பின்விளக்கு இருமுறை எரிகிறது. விசாரிக்க.'

கார் பழையது, எனக்கு முன் இரண்டு பேரிடம் இருந்தது. அதனால் அன்று மதியமே ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் ஓட்டிப் பார்த்தபோது விளக்கு ஒழுங்காக ஒரே முறைதான் எரிந்தது. பிறகு என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். தெருமுனையில் நிறுத்தியதும் சிரித்துவிட்டார். "வண்டியில் ஒன்றுமில்லை. நீங்கள் பிரேக்கை இரண்டு தடவை மிதிக்கிறீர்கள்."

அது எனக்குத் தெரியாது. என் காலுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

அவர் மேசையில், பழைய கார் வாங்கியவர்கள் நிரப்பித் தர வேண்டிய படிவம் ஒன்று கிடந்தது. கார் வைத்திருப்போர் சங்கம் ஒன்று அச்சிட்டது. வண்டியில் என்ன குறை, எப்போது கண்டீர்கள், அதனால் ஆபத்து நேர்ந்ததா என்று வரிசையாகக் கேள்விகள். காஞ்சிபுரத்தில் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் பட்டுப் புடவைகளை விரித்துப் பார்த்து, இழை விட்டது, கரை பிசகியது என்று குறை எழுதிப் பிழைத்தவன் நான். இங்கே பின்னலாடை மில்லிலும் அதே வேலைதான். படிவத்தைக் கண்டால் விடமாட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து, ஹீட்டர் சரியாகச் சூடாவதில்லை, சீட் பெல்ட்டின் கொக்கி சிக்கிக்கொள்கிறது என்று நிறுத்தி நிதானமாக எழுதிக்கொண்டே போனேன். கடைசிக் கேள்வியில் பேனா நின்றது. 'நீங்கள் முன்பு விற்ற வண்டியின் குறைகளை அதை வாங்கியவர் அறிவாரா?'

பரணிலிருந்த பெட்டியை இறக்கிப் பழைய டயரிகளை எடுத்தேன்.

காஞ்சிபுரத்தில் என்னிடம் ஒரு கறுப்புக் கார் இருந்தது. டாக்டர் ஒருவரிடமிருந்து வாங்கியது. அவருடைய டிரைவர் கோவிந்தசாமிதான் அதை எங்கள் வாசலில் கொண்டுவந்து விட்டார். சாவியைக் கொடுக்கும்போது, "பிரேக்க ரெண்டு தபா மிதிக்கணும் சார். மொத மிதி கூப்புடறதுக்கு, ரெண்டாவது நிறுத்தறதுக்கு" என்றார். ஒரே மிதியில் ஏன் நிற்காது என்று கேட்டேன். "ஒரு தபா கூப்ட்டா நானே எழுந்திருக்க மாட்டேன், வண்டி எப்டி சார் நிக்கும்?"

பிரேக்கில் ஏதோ ரப்பர் தேய்ந்திருந்தது. மெட்ராஸில் வாங்கி மாற்ற வேண்டும் என்று டயரியில் இரண்டு முறை குறித்திருக்கிறேன். மூன்றாவது குறிப்பு இல்லை. அதற்குள் கால் பழகிவிட்டது.

இங்கிலாந்துக்குப் புறப்படும் முன் அந்தக் காரைப் பிள்ளையார்பாளையத்து மாணிக்கத்துக்கு விற்றேன். நெசவுக் குடும்பம். கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு ஓட்டலாம் என்று வாங்கினார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை முடிந்ததும் ஒரு காகிதத்தை அவரிடம் நீட்டினேன். காரின் குறைகள், ஒன்று முதல் பன்னிரண்டு வரை. "இன்னா சார், பொண்ணுக்குச் சீர் எழுதற மாதிரி எழுதிக்கினு வந்துகிறீங்க!" என்று அவர் சிரித்தார்.

அதன் நகல் டயரியில் இருக்கிறது. பின்கதவுக் கைப்பிடி, இடது வைப்பர், ஈரத்தில் அடிக்காத ஹாரன். மூன்று முறை படித்தேன். பிரேக் இல்லை.

என் மனைவி சாரதா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"கோவிந்தசாமி சொன்னத நீங்க மாணிக்கத்துக்குச் சொல்லலியா?"

"இல்லை."

"பதினாலு மாசமா அத்த ஓட்டிக்கினு இருக்காரேங்க. பொண்ணு மாப்ளய எல்லாம் ஏத்திக்கினு போறாரு!"

பிள்ளையார்பாளையத்து வீட்டில் போன் கிடையாது. தந்தி கொடுக்கலாம் என்று கோட்டை மாட்டினேன். சாரதா தடுத்தாள். "தந்தின்னாலே அங்க மாரடிச்சிக்கினு அழுவாங்க. அப்புறந்தான் படிப்பாங்க. நாலு வார்த்தையில இன்னான்னு புரியும்? கடுதாசி போடுங்க." அன்றே எழுதித் தபாலில் சேர்த்தேன்.

பதிலுக்குப் பத்தொன்பது நாள் காத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் டயரியில் 'தபால் இல்லை' என்று இருக்கிறது. மில்லில் துணியைப் பார்க்கிறேன், கண்ணில் படுவது காந்தி ரோட்டின் கூட்டம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்கள், குறுக்கே போகும் மாடு, நடுவில் முதல் மிதியில் நிற்காத ஒரு கறுப்புக் கார். ஒரு நாள் நல்ல துணியைக் குறையென்று ஒதுக்கினேன். மறுநாள் ஒரு கையகலக் கிழிசலை விட்டுவிட்டேன். மேஸ்திரி உடம்பு சரியில்லையா என்று கேட்டார். "பிரேக்" என்றேன். டீ குடிக்கப் போகச் சொன்னார். இந்த நாட்டில் அந்த வார்த்தைக்கு இடைவேளை என்றும் பொருள் உண்டாம். போய்க் குடித்தேன்.

இருபதாம் நாள் காலை வீட்டு வாசலில் மாணிக்கத்தின் கடிதம் கிடந்தது. எடுத்துக்கொண்டு கிளம்பி, மில்லுக்குப் போகும் வழியில் ஒரு கடை வாசலில் காரை நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டுப் படித்தேன்.

'சார், உங்க கடுதாசி வந்திச்சி. நீங்க ஊர விட்டுப் போன ரெண்டாம் நாளே எங்களுக்குத் தெரிஞ்சிப் போச்சி. காலைல எங்க தெருவுல தறிக்குப் பாவு நூல நீட்டிக் கட்டி, ஆளுங்க நின்னு கஞ்சி போட்டுக்கினு இருந்தாங்க. நான் திரும்பி வரேன், மிதிக்கறேன், வண்டி நிக்கல. என் தம்பி ஏழுமல பாவு முனையில இருந்தான். கைய ஒசத்தி நிறுத்து நிறுத்துன்னு கத்தனான். ரெண்டாவது மிதியில நின்னுது. ஆனா அதுக்குள்ள பாவு அறுந்து போச்சி, அவன் மணிக்கட்டு ஒடஞ்சி போச்சி. மூணு மாசம் தறியில ஒக்காரல. இப்ப ஒக்கார்றான், ஆனா நாடா தள்ற கை முன்ன மாதிரி இல்ல. மறுவாரமே மெட்ராஸ் போயி ரப்பர் மாத்திட்டேன். இப்ப ஒரே மிதிதான்.

வைப்பர் நின்னு நின்னு போவும்னுகூட எழுதனவரு பிரேக்க எழுதாம விடுவாரான்னு நம்பிதான் ஓட்டனேன். நீங்க வேணும்னே மறச்சிட்டீங்கன்னு ஏழுமல சொல்லிக்கினே இருந்தான், நான் இல்லன்னேன். உங்க கடுதாசிய அவனுக்குப் படிச்சிக் காட்டனேன். தெனமும் ரெண்டு தபா மிதிச்சவருக்கு ஒரு தபா சொல்ல வாய் வரலியான்னான். இத்த எழுதாதன்னுதான் சொன்னான். எழுதிட்டேன், தப்பா நெனச்சிக்காதீங்க.'

படிவத்தின் கடைசிக் கேள்விக்கு 'அறிவார்' என்று எழுதினேன். எப்படி அறிந்தார் என்பதற்கு அதில் இடம் விட்டிருக்கவில்லை. ஏழுமலைக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அதற்கு இன்னும் பதில் இல்லை.

ஒரே முறை மிதிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். சாரதா பக்கத்தில் உட்கார்ந்து, "ஒண்ணு, போதும்" என்று சொல்லிக்கொண்டே வருகிறாள். நேற்று மாலை மழைத் தூறலில் சிக்னல் சிவப்பானது. மிதித்தேன். முதல் மிதியிலேயே கார் நின்றது. காலை எடுக்கப் போனபோது கண்ணாடியில் பின்னால் ஹாரிஸின் கார் தெரிந்தது. என் காலின் கதையை நான் முழுவதும் சொன்ன பிறகும் அவர் அந்தப் பழக்கத்தை விடவில்லை. புன்னகையோடு கையை உயர்த்தினார். உயர்ந்த அந்தக் கையில் ஏழுமலையின் கையைப் பார்த்ததும், வண்டி நின்றிருந்தும் நான் பிரேக்கை இன்னொரு முறை மிதித்தேன்.